தாடை மூட்டு வலி: காரணம், அலைச்சல், சிகிச்சை

காதுத் துளைக்கு ஒரு விரல் அகலம் முன்னால் சுட்டுவிரல் நுனியை வைத்து, வாயை மெல்லத் திறந்து பாருங்கள். விரலுக்கு அடியில் ஓர் எலும்பு முனை முதலில் இருந்த இடத்திலேயே சுழலும். வாய் இன்னும் அகலும்போது அது முன்னோக்கி வழுக்கிச் செல்லும். விரலடியில் ஒரு சிறு பள்ளம் விழும். வாயை மூடினால் அந்த முனை திரும்பி வந்து உட்காரும். இதுதான் தாடை மூட்டு. சுழற்சியும் வழுக்கலும் ஒரே அசைவில் நடக்கிற மூட்டு இது.

இடம், வலம் என இரண்டு மூட்டுகள் இருந்தாலும் இரண்டும் ஒரே தாடை எலும்பின் இரு முனைகள்தான். ஒன்று அசையாமல் மற்றது அசைய முடியாது. முழங்கால் வலித்தால் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். கை முறிந்தால் கட்டுப் போட்டு வைக்கலாம். தாடைக்கு அப்படி ஓய்வு கொடுக்க வழியில்லை. பேச்சு, சாப்பாடு, கொட்டாவி, எச்சில் விழுங்குவது என்று நாள் முழுக்க அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. இங்கே வந்த வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள்.

தாடை மூட்டிலும் அதை இயக்கும் தசைகளிலும் வரும் கோளாறுகளுக்கு மொத்தமாக டி.எம்.டி. என்று பெயர். மக்களில் 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. சிகிச்சைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். வயதும் பெரும்பாலும் 20 முதல் 40க்குள். இத்தனை பேருக்கு வருகிற ஒரு நோய்க்கு யாரிடம் போவது என்பதே தெளிவாக இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பல் மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு, பல்லில் கோளாறு இல்லை என்கிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்கிறார். நரம்பியல் மருத்துவர் எடுக்கச் சொன்ன மூளை ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த எல்லைகளுக்கு நடுவே விழுந்தவருக்கு வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரும்பாலான தாடை வலி, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடக்கூடிய எளிய சிகிச்சைகளுக்கே கட்டுப்படுகிறது. ஆகவே பல்லை அரைத்துக் கடியை, அதாவது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பொருந்தும் விதத்தை மாற்றுவது, மூட்டைத் திறந்து அறுவை செய்வது போன்ற, செய்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாத எதற்கும் வலியின் வேகத்தில் சம்மதித்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம் இதைச் சொல்வதுதான்.

வலி பிறக்கும் இடமும் தெரியும் இடமும்

தாடை மூட்டு, மெல்லும் தசைகள், பற்கள், நெற்றிப்பொட்டு, காதின் ஒரு பகுதி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது ஒரே நரம்பு. மூன்று கிளைகள் உள்ள முக்கிளை நரம்பு அது. எல்லாக் கிளைகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், எந்தக் கிளையிலிருந்து வலி வந்தது என்பதைப் பிரித்தறிய மூளை தடுமாறுகிறது. கன்னத்தின் பெரிய தசையில் பிறந்த வலி காது வலியாகத் தெரியும். கடைவாய்ப் பல் வலியாகவும் தெரியும். பொட்டில் விரிந்திருக்கும் தசையின் வலி தலைவலியாக வெளிப்படும். காது அடைத்த உணர்வும் இரைச்சலும் சேர்ந்து வருவதுண்டு.

இந்தத் தடுமாற்றத்துக்குப் பல்லைப் பலி கொடுத்தவர்கள் உண்டு. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று போய், சந்தேகத்தின் பேரில் ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். வலி போகாததால் அடுத்த பல்லுக்கும் செய்கிறார்கள். பிறகு ஒன்றைப் பிடுங்கியும் பார்க்கிறார்கள். உண்மையான பல் வலி குளிர்ச்சி பட்டால் சுரீரென்று எகிறும், அந்தப் பல்லைத் தட்டினால் துல்லியமாக இனம் காட்டும், பல்லடியில் மரத்துப்போகும் ஊசி போட்டால் நின்றுவிடும். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை என்றால், பல்லைத் தொடுவதற்கு முன் கன்னத் தசையை அழுத்திப் பார்க்க வேண்டும்.

அழுத்திப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. உலகெங்கும் இன்று பின்பற்றப்படும் கண்டறியும் வரைமுறை 1992இல் முதலில் வகுக்கப்பட்டு, 2014இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி, பரிசோதிப்பவர் கன்னத் தசையிலும் பொட்டுத் தசையிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவு அழுத்தத்தை இரண்டு விநாடி கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு "வலிக்கிறதா?" என்பதோடு நிறுத்தக் கூடாது. "இது நீங்கள் வழக்கமாக அனுபவிக்கும் அதே வலிதானா?" என்றும் கேட்க வேண்டும். எந்தத் தசையையும் அழுத்தினால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பழகிய வலி அங்கே எழுகிறதா என்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். வலி அழுத்திய இடத்தைத் தாண்டிப் பரவுகிறதா என்று பார்க்க ஐந்து விநாடிவரை அழுத்துவார்கள். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். நல்ல விரல்களும் பொறுமையும் போதும். ஸ்கேன் எழுதித் தருவதற்கு முன் இப்படித் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் கிடைத்தால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நம்பலாம்.

தொட்டுப் பார்த்து, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தபின் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியவரும். முதலாவது தசை வலி. இதுதான் மிகப் பரவலானது. இரண்டாவது மூட்டுக்குள் இருக்கும் வட்டின் கோளாறு. மூன்றாவது மூட்டிலேயே அழற்சியோ தேய்மானமோ ஏற்படுவது. முடக்குவாதம் போன்ற நோய்கள் தாடை மூட்டையும் பிடிக்கலாம் என்பதால் கைவிரல் மூட்டுகளில் காலை நேர இறுக்கம் உண்டா என்ற கேள்விக்கும் இங்கே இடமுண்டு. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம்.

வட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நோயாளிகளை அதிகம் பயமுறுத்துவது அதுதான். எலும்பு முனைக்கும் மேலே உள்ள குழிக்கும் இடையே நார்த்தன்மை கொண்ட ஒரு சிறு வட்டு இருக்கிறது. தலையில் இருக்கவேண்டிய தொப்பி நெற்றிக்கு நழுவுவதுபோல அது முன்பக்கம் நழுவிவிடலாம். வாயைத் திறக்கும்போது எலும்பு முனை அதற்கடியில் மீண்டும் போய்ப் பொருந்துகிற நொடியில்தான் அந்த "டக்" சத்தம் கேட்கிறது. சத்தம் கேட்டதும் மூட்டு உடைகிறது, நாளைக்கு வாயே திறக்காது என்று கலங்குகிறார்கள். வலியில்லாத சத்தத்துக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டியதில்லை. வலியே இல்லாத ஆட்களைத் திரட்டி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு நகர்ந்தே இருந்தது. ஆகவே "வட்டு விலகியிருக்கிறது" என்று ஸ்கேன் அறிக்கையில் வரும் வரி உங்கள் வலிக்கான காரணத்தைச் சொல்லிவிட்டதாக ஆகாது.

சிலருக்கு ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோய், வாயும் பாதிக்கு மேல் திறக்காமல் பூட்டிக்கொள்ளும். வட்டு நழுவிய இடத்திலேயே தங்கிவிட்டதால் எலும்பு முனை அதைத் தாண்டி முன்னேற முடியாத நிலை இது. முன்பற்களுக்கு இடையே 40 முதல் 50 மில்லிமீட்டர், அதாவது சொந்தக் கைவிரல் மூன்றை நிமிர்த்தி நுழைக்கும் அளவு திறப்பது இயல்பு. பூட்டிக்கொண்டவர்களுக்கு அது 25, 30 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் இதிலும் பலருக்கு, வட்டுக்குப் பின்னால் உள்ள திசு மெல்ல மெல்லத் தன்னைத் தகவமைத்துக்கொண்டு, மாதங்கள் செல்லச் செல்ல வலி குறைந்து வாயும் திறந்துகொள்கிறது. இந்தப் பூட்டு புதிதாக விழுந்திருக்கும்போதே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சிகிச்சை தடம் புரண்ட கதை

பல்வரிசை சரியாகப் பொருந்தாததால்தான் தாடை வலிக்கிறது என்ற நம்பிக்கை இன்றும் பல சிகிச்சையறைகளில் உயிரோடு இருக்கிறது. அதன் வேர் 1934இல் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், 11 நோயாளிகளை மட்டும் வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடி, மூட்டுக்கு அருகில் உள்ள நரம்புகளை அழுத்துவதால் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்றார். நரம்பு அழுத்தம் பற்றிய அவர் விளக்கத்தை உடற்கூறியல் ஆய்வாளர்கள் பின்னர் தள்ளிவிட்டார்கள். ஆனால் "பல்லைச் சரிசெய்தால் வலி போகும்" என்ற எண்ணம் மட்டும் பல் மருத்துவத்தில் தங்கிவிட்டது. வலிக்கிற தாடைக்காக நல்ல பற்கள் அரைக்கப்பட்டன, உறைகள் மாட்டப்பட்டன, கம்பிகள் கட்டப்பட்டன.

1969இல் டேனியல் லாஸ்கின் என்ற அறுவை மருத்துவர், பெரும்பாலான நோயாளிகளுக்கு வலி இருப்பது தசையில்தான், அதற்கு மன அழுத்தத்தோடும் பல்லைக் கடிக்கும் பழக்கத்தோடும் தொடர்பு உண்டு என்று வாதிட்டார். கடிப்பொருத்தத்துக்காகப் பல்லை அரைப்பதால் பலன் உண்டா என்று காக்ரேன் அமைப்பு 2003இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதைப் பரிந்துரைக்க முடியாது என்றது. அரைத்த எனாமல் மீண்டும் வளராது. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், இந்த யோசனையை யாராவது முன்வைக்கும்போது யோசிக்க அவகாசம் கேட்கத் தோன்றும்.

அடுத்த அத்தியாயம் இன்னும் வேதனையானது. வைட்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் டெஃப்லானும் புரோப்ளாஸ்ட் என்ற பொருளும் சேர்ந்த ஒரு பதியத்தை, வட்டுக்குப் பதிலாக மூட்டுக்குள் வைக்கத் தயாரித்தது. 1983இல் அதற்கு விற்பனை அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அந்தப் பொருள் துகள்துகளாக உதிர்ந்தது. உதிர்ந்த துகள்களை எதிர்த்து உடல் நடத்திய போரில் சுற்றியுள்ள எலும்பே அரித்துப்போனது. 1991இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவற்றைத் திரும்பப் பெறச் செய்தபோது நிறுவனம் ஏற்கெனவே திவாலாகியிருந்தது. வலிக்குத் தீர்வு தேடிப் போன பலர், முன்பைவிடப் பெரிய வலியோடும், மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சைகளோடும் வாழ வேண்டியதாயிற்று. டி.எம்.டி. நோயாளிகளுக்கென்று 1986இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு தொடங்கியதும், ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அவர்கள் குரல் எழுப்பியதும் இந்தக் காலத்தில்தான். 2020இல் அமெரிக்க அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் இந்த நோயைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. இது பல்லைச் சேர்ந்த தனிப் பிரச்சினை என்ற பார்வையைக் கைவிட வேண்டும், பல் மருத்துவமும் பொது மருத்துவமும் இதில் கைகோக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில்தான் வாய்-முக வலி மருத்துவம் அமெரிக்காவில் பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது.

எது உதவுகிறது

2023 இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் நாட்பட்ட தாடை வலிக்கான சிகிச்சை வழிகாட்டுதல் ஒன்று வெளியானது. நோயாளிகளையும் உட்கார வைத்து, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒப்பிட்டுத் தயாரித்தது அது. உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் விலையுயர்ந்த கருவி ஒன்றுகூட இல்லை. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, பயிற்சி பெற்றவர் கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது, தசையின் வலிப்புள்ளிகளை அழுத்தித் தளர்த்துவது, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, நீட்சிப் பயிற்சி, உட்காரும் நிற்கும் விதத்தைச் சீராக்கும் பயிற்சி, வீட்டில் செய்யும் பயிற்சியும் நோயைப் பற்றிய சரியான விளக்கமும் ஆகியவையே அவை. போட்டாக்ஸ் ஊசி, காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து, லேசர், ஸ்டீராய்டு ஊசி, பற்களின்மேல் கழற்றி மாட்டக்கூடிய உறையான நைட் கார்டு போன்றவற்றைப் பொதுவாகத் தவிர்க்கலாம் என்றது. இவற்றுக்கு எதிரான பரிந்துரை மென்மையானது, ஆளுக்கு ஆள் முடிவு மாறலாம். கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்கள், வட்டை அகற்றும் அறுவை, அழற்சி குறைக்கும் மருந்துகளோடு ஓபியாய்டு வகை வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஆகியவற்றுக்கு எதிராக உறுதியாகவே சொன்னது.

வீட்டில் தொடங்க வேண்டிய இடம் பற்கள் தொட்டுக்கொள்ளும் நேரம். ஓய்வாக இருக்கும் தாடையில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்வதற்கும் விழுங்குவதற்குமாக ஒரு நாளில் பற்கள் சேரும் மொத்த நேரம் இருபது நிமிடத்தை ஒட்டியே இருக்கும் என்று பழைய அளவீடுகள் சொல்கின்றன. ஆனால் கணினித் திரையை உற்றுப் பார்க்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், கவலையில் ஆழ்ந்திருக்கும்போதும் பலர் மணிக்கணக்கில் பற்களைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அழுத்திக் கடிக்கக்கூட வேண்டாம், லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே தசை வேலை செய்துகொண்டிருக்கிறது. இதைப் படிக்கும் இந்தக் கணத்தில் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். உதடு சேர்ந்து, பல் பிரிந்து, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டபடி இருக்க வேண்டும். "ந" என்று சொல்லத் தொடங்கும்போது நாக்கு போய் நிற்கும் இடத்துக்கு அருகில்தான் அது. கைப்பேசியில் மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் வைத்தோ, கணினியின் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளியை ஒட்டியோ இதைப் பழகலாம். இந்த ஒரு பழக்கம் மாறியதில் வலி பாதியாகக் குறைந்தவர்களை நான் அறிவேன்.

நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவதுதான் முதல் தாடைப் பயிற்சி. கண்ணாடி முன் நின்று செய்தால் தாடை ஒரு பக்கமாகக் கோணுவது தெரியும். நேராக இறங்கும்படி பழக்கலாம். ஈரமான சூட்டு ஒத்தடத்தைப் பத்து, பதினைந்து நிமிடம் கன்னத்தில் வைத்துவிட்டுச் செய்தால் தசை இணங்கி வரும். பயிற்சியால் வலி சற்றுக் கூடி சிறிது நேரத்தில் அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் வரை நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

வலி அதிகமாக இருக்கும் நாட்களில் மெல்ல எளிதான உணவைச் சிறு துண்டுகளாக, இரு பக்கமும் மென்று சாப்பிடுவது நல்லது. சூயிங்கம், நகம் கடித்தல், முகவாயைக் கையில் ஊன்றுவது, கைப்பேசியைத் தோளில் இடுக்கிப் பேசுவது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே மடக்கிய கையை வைத்து, வாய் முழுக்கத் திறக்காமல் தடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நீராகாரத்தோடு தாடையைப் பொத்திப் பொத்தி வைப்பது தப்பு. அசையாத தசை வலுவிழக்கும், சுருங்கும். பிறகு சிறு அசைவும் வலிக்கும்.

நைட் கார்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தூக்கத்தில் பல்லை அரைப்பவர்களின் பற்களை அது தேய்மானத்திலிருந்து காப்பாற்றும். சிலருக்குக் காலை வலியும் குறைகிறது. நாட்பட்ட வலிக்கு அதையே நம்பி இருக்கும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை. போட்டுக்கொள்வதென்றால், ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுகிற, கடினமான, தட்டையான வகையாக இருக்கட்டும். இரவில் மட்டும் அணியுங்கள். முன்பற்களை மட்டும் மூடும் வகையை இரவும் பகலும் போட்டிருந்தால், மூடப்படாத பற்கள் எழும்பியும் மூடப்பட்டவை அமுங்கியும் கடியே மாறிப்போகலாம். காலையில் கழற்றியபின் பற்கள் பழையபடி சேரவில்லை, அந்த மாற்றம் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு, கொடுத்தவரிடம் போக வேண்டும். தூக்கத்தில் பல் அரைப்பதோடு பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்க மூச்சுத்திணறலுக்குப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற சில மருந்துகளும் பல்லைக் கடிக்கவைக்கக் கூடும். தாமாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார்.

வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை, அழற்சி குறைக்கும் மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில் சில நாட்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். வயிறு, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. மனச்சோர்வுக்கான மருந்தான அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் சில மருத்துவர்கள் இரவில் தருவதுண்டு. மனநோய் என்று நினைத்துவிட்டார் என்று வருந்த வேண்டாம். அந்த அளவில் அது நரம்பின் வலிக் கடத்தலைக் குறைக்கவும் தூக்கத்துக்கும் தரப்படுகிறது.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்றதும் பலருக்குக் கோபம் வருகிறது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று ஏற்கெனவே யாராவது சொல்லிக் காயப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வலி உண்மையானது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் வலித்த பிறகு, நரம்பு மண்டலமே மிகை உணர்வோடு இயங்கத் தொடங்கிவிடுகிறது. லேசான தொடுகையையும் அது வலியாக வாசிக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஒப்பேரா என்ற ஆய்வில், தாடை வலி இல்லாத 2,700க்கும் மேற்பட்டோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 260 பேருக்கு நோய் வந்தது. வேறு உடல் உபாதைகள் ஏற்கெனவே பல இருந்தவர்களுக்கே அது அதிகம் வந்தது. வலி தொடங்குவதற்கு முன்பே அவர்களின் தூக்கம் கெடத் தொடங்கியிருந்ததும் தெரிந்தது. ஒற்றைத் தலைவலி, உடல் முழுக்கத் தசை வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, முதுகு வலி, குடல் எரிச்சல் நோய் ஆகியவை தாடை வலிக்காரர்களிடம் சேர்ந்து காணப்படுவதும் இதனால்தான். தூக்கத்தைச் சீர்செய்வதும், வலியைப் பற்றிய பயத்தைக் குறைப்பதும், பதற்றத்தில் தசை இறுகுவதைக் கவனித்துத் தளர்த்தக் கற்பதும் நரம்பு மண்டலத்துக்கான சிகிச்சை. அதைத்தான் இந்த முறை சொல்லிக்கொடுக்கிறது.

அறுவைக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். வாய் பூட்டிக்கொண்டு, பயிற்சியாலும் மருந்தாலும் திறக்காதபோது, மூட்டுக்குள் இரண்டு ஊசிகளைச் செலுத்தி உப்புநீரால் கழுவிவிடும் எளிய முறை 1991 முதல் புழக்கத்தில் உள்ளது. தேர்ந்தெடுத்த சிலருக்குப் பயன்படுகிறது. மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனவர்களுக்கும், முற்றிலும் அரித்துப்போனவர்களுக்கும் செயற்கை மூட்டு வாழ்வைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. கட்டமைப்பில் தெளிவான கேடு இருந்து, அதுதான் வலிக்குக் காரணம் என்று உறுதியானால்தான் கத்தியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். தசை வலிக்கு மூட்டு அறுவையால் எந்தப் பயனும் இல்லை.

உடனே பார்க்க வேண்டியவை

தாடை வலியின் போர்வையில் வேறு நோய் ஒளிந்திருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி வந்து, உணவை மெல்லும்போது தாடை அயர்ந்து வலித்து, மெல்வதை நிறுத்தினால் சரியாகி, தலையைச் சீவும்போது தோல் நோகிறது என்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்து ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் பார்வையே பறிபோகலாம். உடல் உழைப்பில் அல்லது நடக்கும்போது தாடையில் வலி எழுந்து, ஓய்வில் தணிந்தால், மார்பு வலி இல்லாவிட்டாலும் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். திடீரென்று வியர்வையோடும் மூச்சிரைப்போடும் வந்தால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். வாய் வரவரக் குறைவாகத் திறப்பது, முகத்தில் மரத்துப்போதல், கட்டி, காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சலோடு வீக்கம் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. மின்சாரம் பாய்வதைப் போல நொடிப்பொழுதில் வெட்டி மறையும் வலி முக்கிளை நரம்பின் நோய். அதற்கான மருந்தும் மருத்துவரும் வேறு.

யாரிடம் போவது, என்ன கேட்பது

வாய்-முக வலி நிபுணர் கிடைத்தால் அவரே முதல் தேர்வு. இல்லாவிட்டால் வாய் மருத்துவம் படித்த பல் மருத்துவரையோ, தாடை-முக அறுவை மருத்துவரையோ பார்க்கலாம். தாடையில் அனுபவம் உள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூட இருக்க வேண்டும். முதல் சந்திப்பில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எனக்கு இருப்பது தசை வலியா, வட்டுக் கோளாறா, மூட்டு அழற்சியா? நீங்கள் சொல்லும் சிகிச்சை ஒத்துவராவிட்டால் இன்றைய நிலைக்குத் திரும்ப முடியுமா? எத்தனை வாரத்தில் பலன் தெரியாவிட்டால் வேறு வழி யோசிப்போம்? நேராகப் பதில் சொல்பவரோடு தொடருங்கள். முதல் நாளே பெரும் தொகைக்குப் பல்வரிசைத் திருத்தத் திட்டம் நீட்டுகிறவரிடம், இன்னொருவர் கருத்தையும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், அளவுகோலால் முன்பற்களின் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். கூடவே பத்துக்கு எத்தனை வலி, தூக்கம் எப்படி என்பதையும் குறியுங்கள். நாட்பட்ட வலி ஏறி இறங்கித்தான் குறையும். ஒரு மோசமான வாரம் வந்தால் எல்லாம் வீண் என்று தோன்றும். குறிப்பைப் புரட்டினால் இரண்டு மாதத்துக்கு முந்தைய நிலையைவிட எவ்வளவு தள்ளி வந்திருக்கிறோம் என்பது தெரியும். வலி திடீரென்று கூடும் நாட்களில் ஒத்தடம், எளிய உணவு, பயிற்சியின் அளவைக் குறைப்பது ஆகியவற்றோடு நான்கைந்து நாட்கள் கடத்திவிட்டு, பழைய அளவுக்குத் திரும்பலாம்.

பல் சிகிச்சைக்குப் போகும்போது தாடை வலி இருப்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். நீண்ட வேலையைச் சிறு அமர்வுகளாகப் பிரித்துச் செய்வார்கள்; கடித்துக்கொள்ள ரப்பர் முட்டு கொடுப்பார்கள்; நடுவில் கை உயர்த்தினால் வாயை மூடி ஓய்வெடுக்க விடுவார்கள். வேறு எந்த அறுவைக்காகவாவது முழு மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால், மயக்க மருத்துவரிடம் உங்கள் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கும், எந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்வது அவசியம். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தத் தாடையை முன்னோக்கி இழுத்துத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற கருவியையும் முறையையும் அவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.